திட்ட மேலாண்மை மென்பொருள்: பார்ப்பவர் ஒருவர், நிரப்புபவர் வேறொருவர்

ஒரு நிறுவனம் திட்ட மேலாண்மை மென்பொருள் வாங்கலாமா என்று யோசிக்கத் தொடங்கும்போது, டெமோ பார்க்க உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலாளி, கணக்குப் பார்ப்பவர், இரண்டு மூன்று மேனேஜர்கள். விற்க வந்தவர் முதலில் காட்டுவது டேஷ்போர்டைத்தான். பச்சை, மஞ்சள், சிவப்பு. எந்த வேலை எங்கே நிற்கிறது, யார் கையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, எது தள்ளிப்போகிறது, எல்லாம் ஒரே திரையில். பார்ப்பவர்களுக்குப் பிடித்துப்போகிறது. அந்தத் திரையில் தெரியும் ஒவ்வொரு எண்ணும், யாரோ ஒருவர் தன் வேலைக்கு நடுவே செயலியைத் திறந்து, கார்டை (ஒரு வேலைக்கான பதிவை) தேடி, நிலையை மாற்றி, தேதியைத் திருத்தியதால் வந்தது. அந்த ஆளை டெமோவுக்குக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

இந்த வகை மென்பொருள் ஓர் அலுவலகத்தில் நிலைத்து நிற்பதும், நான்காவது மாதம் யாரும் திறக்காமல் கிடப்பதும் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகின்றன. எந்தச் செயலியில் எத்தனை வசதி என்று டிக் போட்டுக் காட்டும் ஒப்பீட்டு அட்டவணைகள் இணையத்தில் ஏராளம். அவற்றில் முக்கால்வாசி வரிசைகள் எல்லாச் செயலிகளுக்கும் டிக்காகவே இருக்கும். அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு வேறு இரண்டு கேள்விகளிலிருந்து தொடங்குவது நல்லது: இந்த மென்பொருள் எந்த மாதிரி வேலைக்காகப் பிறந்தது? நம்மிடம் அதை நிரப்பப்போகிறவர் யார்?

எந்தத் தொழிலில் பிறந்தது

இன்று பெரும்பாலான செயலிகள் பட்டியல், போர்டு, காலண்டர், டைம்லைன் என்று எல்லாக் காட்சிகளையும் வைத்திருக்கின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாது. ஆனாலும் ஒவ்வொன்றும் தான் பிறந்த தொழிலின் பழக்கத்தை விடுவதில்லை. அதனால் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டியிருக்கிறது.

காலத்தைக் கிடைக்கோடாகவும் வேலைகளைப் பட்டைகளாகவும் வரையும் அட்டவணைக்கு ஹென்றி கான்ட் பெயர் நிலைத்துவிட்டது. 1910களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அதைப் பரப்பியவர் அவர். போலந்துப் பொறியாளர் கரோல் அடமியெட்ஸ்கி 1896லேயே கிட்டத்தட்ட இதே மாதிரி ஒன்றை வரைந்திருந்தார், பெயர்தான் அவருக்குப் போகவில்லை. 1950களின் கடைசியில் இதற்குக் கணக்கும் சேர்ந்தது. டூபாண்ட் நிறுவனமும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனமும் ரசாயன ஆலைகளின் கட்டுமானம், பராமரிப்பு வேலைகளுக்காக ‘கிரிட்டிக்கல் பாத்’ முறையை உருவாக்கின. ஏறக்குறைய அதே நேரத்தில், 1958ல், அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக இதே போன்ற ‘பெர்ட்’ முறை வந்தது. 1983ல் தொடங்கிய ப்ரைமவெரா நிறுவனத்தின் மென்பொருளும், 1984ல் டாஸ் இயங்குதளத்துக்கு வந்த மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டும் இந்த வம்சம்.

இந்த முறை என்ன செய்கிறது என்பதைச் சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஓர் அலுவலகம் இடம் மாறுகிறது. வயரிங் 2 வாரம், அது முடிந்ததும் பெயின்ட் 1 வாரம், அதற்கப்புறம் மேசை நாற்காலி 1 வாரம், மொத்தம் 4. இணைய இணைப்புக்கு விண்ணப்பித்தால் 3 வாரம், அது தனியாக நடக்கும். இணைய இணைப்பு நான்கு நாள் தள்ளிப்போனாலும் குடிபோகும் தேதிக்கு ஒன்றும் ஆகாது, ஒரு வாரம் கையில் இருக்கிறது. வயரிங் இரண்டு நாள் தள்ளினால் அந்த இரண்டு நாளும் அப்படியே கடைசித் தேதியில் ஏறும். நான்கு வேலைகள் என்பதால் மனக்கணக்காகவே போட்டுவிடலாம். நானூறு வேலைகள் என்றால் முடியாது. எதற்குப் பதற வேண்டும், எதை விட்டுப்பிடிக்கலாம் என்று பிரித்துச் சொல்வதுதான் இந்த வகை மென்பொருளின் பலம். கட்டுமானம், ஆலை நிறுவுதல், தேதி மாறவே முடியாத கண்காட்சி போன்றவற்றுக்கு இதற்கு ஈடு இல்லை. ஒரே நிபந்தனை, என்னென்ன வேலை, எது எதற்கு முன் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாத தொழிலில் கான்ட் அட்டவணை போடுவது வெறும் கண்துடைப்பு. இரண்டாவது வாரமே பட்டைகளை இழுத்து நகர்த்துவது ஒருவருக்கு முழுநேர வேலையாகிவிடும்.

வேலைகளைக் கார்டுகளாக நெடுவரிசைகளில் அடுக்கிக் காட்டும் போர்டின் கதை வேறு. டொயோட்டா ஆலைகளில் டைச்சி ஓனோ கொண்டுவந்த கான்பன் அட்டைகள், அடுத்த கட்டம் கேட்கும்போது மட்டும் முந்தைய கட்டம் உற்பத்தி செய்யட்டும் என்பதற்காக வந்தவை. வேலையைக் கண்ணுக்குத் தெரிய வைப்பது ஒரு பாதி. ஒரே நேரத்தில் எவ்வளவு வேலை நடுவில் நிற்கலாம் என்று வரம்பு வைப்பது இன்னொரு பாதி. 2011ல் வந்த ட்ரெல்லோ இந்த அட்டை வரிசையை எல்லாருக்கும் பழக்கமாக்கியது. அதன் வழியே பரவிய பல போர்டுகளில் முதல் பாதி இருக்கும், இரண்டாம் பாதி தேடினால்தான் கிடைக்கும்.

அந்த இரண்டாம் பாதி ஏன் முக்கியம் என்றால், ஜான் லிட்டில் 1961ல் நிரூபித்த ஓர் எளிய விதி இருக்கிறது. நடுவில் நிற்கும் வேலைகளின் எண்ணிக்கையை, முடியும் வேகத்தால் வகுத்தால் ஒரு வேலைக்குச் சராசரியாக ஆகும் காலம் கிடைக்கும். போர்டில் 30 கார்டுகள் திறந்து கிடக்கின்றன, வாரத்துக்கு 5 முடிகின்றன என்றால் ஒரு கார்டு முடியச் சராசரி 6 வாரம். யாரையும் வேகப்படுத்தாமல், புதிதாக எடுப்பதை மட்டும் நிறுத்தித் திறந்தவற்றை 15 ஆகக் குறைத்தால் 3 வாரம். எந்தச் செயலியின் எந்தச் சிறப்பு வசதியும் இதைவிடப் பெரிய பலனைத் தராது. அதனால் போர்டின் ஒரு நெடுவரிசையில் இத்தனை கார்டுக்கு மேல் வந்தால் எச்சரிக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்பது, செயற்கை நுண்ணறிவு இருக்கிறதா என்று கேட்பதைவிட உருப்படியான கேள்வி.

மூன்றாவது வம்சம் டிக்கெட். அட்லாசியன் 2002ல் வெளியிட்ட ஜிரா, மென்பொருள் பிழைகளைப் பதிவுசெய்யப் பிறந்தது. அந்த நிறுவனத்தில் அதற்கு முன் பயன்படுத்தியது பக்ஜில்லா என்ற பிழைப் பதிவு மென்பொருள். அதற்கு விளையாட்டாக வைத்த செல்லப்பெயர் கொஜிரா, அதாவது ஜப்பானியர் வாயில் காட்ஜில்லா. அதன் தலையை வெட்டினால் ஜிரா. டிக்கெட் உலகத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண், ஒரு பொறுப்பாளர், ஒரு நிலை, யார் எப்போது எதை மாற்றினார் என்ற முழு வரலாறு. தணிக்கை, ஒப்பந்தப்படி பதில் சொல்ல வேண்டிய கால அளவு, பலர் கை மாறும் வேலை போன்றவை இருக்கும் இடத்தில் இது இல்லாமல் தப்பிக்க முடியாது. இதையே ஐந்து பேர் கொண்ட டிசைன் குழுவின் தலையில் கட்டினால், ஒரு பேனர் அளவை மாற்றுவதற்கும் படிவம் நிரப்பும் நிலை வரும்.

நான்காவதாக பேஸ்கேம்ப் வகை. 37சிக்னல்ஸ் என்ற இணையதள வடிவமைப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களோடு பேசுவதற்காகச் செய்துகொண்டது, 2004ல் வெளியே விற்பனைக்கு வந்தது. பேச்சும் கோப்பும் முடிவும் சிதறிக் கிடப்பதுதான் சிக்கல் என்பது இதன் எண்ணம். எது எதற்கு முன் என்ற சார்புகள், கிரிட்டிக்கல் பாத் எல்லாம் இதில் எதிர்பார்க்கக் கூடாது.

அசானா, மண்டே, கிளிக்அப், ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ், நோஷன் போன்றவை இந்த நான்கையும் வெவ்வேறு அளவில் கலந்தவை. ஒன்றின் குணத்தை அறிய அதன் விளம்பரப் பக்கம் தேவையில்லை. புதுக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, எந்த அமைப்பையும் தொடாமல், முதல் திரையில் என்ன வருகிறது என்று பாருங்கள். மாற்றிக்கொள்ளலாம் என்று அவர்கள் சொல்வது உண்மைதான். மாற்றாமல் விடப்போகிறவர்கள்தான் உங்கள் அலுவலகத்தில் அதிகம்.

வேலை எங்கே காத்துக் கிடக்கிறது

அடுத்து உங்கள் பக்கம். சமீபத்தில் முடிந்த ஒரு ப்ராஜெக்டை, சுமாராகப் போனதாகவே பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மின்னஞ்சல்கள், வாட்ஸ்அப் குழு, கோப்புகளின் தேதிகள் எல்லாவற்றையும் வைத்து ஒரே ஒரு வேலையின் பயணத்தை எழுதிப் பாருங்கள். ஒரு தயாரிப்புக் கையேடு என்று வைத்துக்கொள்வோம். திங்களன்று எழுத்தாளர் வரைவை முடித்தார். வியாழன் வரை யாரும் திறக்கவில்லை, டிசைனருக்குத் தன் முறை வந்தது தெரியாது. வெள்ளியன்று வடிவமைப்பு முடிந்து வாடிக்கையாளருக்குப் போனது. ஒன்பது நாள் கழித்து ஒரு வரித் திருத்தம் வந்தது. திருத்த ஒரு மணி நேரம். மறுபடி ஒப்புதலுக்கு நான்கு நாள். கை வைத்துச் செய்த வேலை மொத்தம் மூன்று நாள் கூட இல்லை, காலண்டரில் ஏறக்குறைய மூன்று வாரம் ஓடிவிட்டது.

இப்படி எழுதிப் பார்க்கும்போதுதான் எந்த வசதி வேண்டும் என்பது தெரியவரும். தன் முறை வந்தது தெரியாமல் மூன்று நாள் போனதற்கு, நிலை மாறியதும் அடுத்தவர் பெயருக்குத் தானாகப் போய்ச் சேரும் ஏற்பாடு போதும். ஒப்புதலுக்கான பதின்மூன்று நாளுக்கு, வாடிக்கையாளர் தனிக் கணக்கு எதுவும் தொடங்காமல் ஓர் இணைப்பைத் திறந்து ‘சரி’ என்று அழுத்தும் வழி வேண்டும். மூன்று நாளும் டிசைனர் சும்மா இருக்கவில்லை, வேறு நான்கு வேலைகளில் மூழ்கியிருந்தார் என்றால் பிரச்சினை முற்றிலும் வேறு: ஒருவர் மேல் எத்தனை ப்ராஜெக்ட் ஏறியிருக்கிறது என்று ப்ராஜெக்டுகளைத் தாண்டிக் காட்டும் காட்சி வேண்டும். விலை குறைந்த சந்தாத் திட்டங்களில் பெரும்பாலும் இருக்காது அது.

இப்படி இரண்டு மூன்று வேலைகளை அலசினால் வேண்டிய வசதிகளின் பட்டியல் நாலைந்துக்குள் சுருங்கிவிடும். அதற்கு மேல் நீளமாக வரும் பட்டியல் பொதுவாக ஆசைப்பட்டியல்.

ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். சில நிறுவனங்களுக்கு இந்த அலசலின் முடிவில் மென்பொருளே தேவைப்படாது. நாலைந்து பேர், ஒரே அறை, ஒரே வகை வேலை என்றால் எல்லாரும் திறந்து எழுதக்கூடிய, எக்செல் மாதிரி ஒரு ஷீட் போதும். ஷீட் எப்போது உடையும் என்பதற்கு அடையாளங்கள் உண்டு. ஒருவர் வடிகட்டி வைத்ததில் இன்னொருவர் குழம்புகிறார். இந்தத் தேதியை மாற்றியது யார் என்ற கேள்வி வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. ஒரே ஆள் மூன்று ஷீட்டில் இருக்கிறார், மூன்றும் அவரை முழு நேரமாக எண்ணுகின்றன. வெளியாட்களுக்குப் பாதியைக் காட்டி மீதியை மறைக்க வேண்டியிருக்கிறது. இவற்றில் குறைந்தது இரண்டு நடக்கின்றன என்றால் மாறும் நேரம் வந்துவிட்டது.

நிரப்புபவரின் கணக்கு

ஒரு குழுவில் 12 பேர். ஒவ்வொருவரும் நாளுக்கு 15 முறை எதையாவது புதுப்பிக்கிறார்கள்: நிலை மாற்றம், ஒரு குறிப்பு, ஒரு கோப்பு. செயலி மெதுவானது, கட்டாயக் கட்டங்கள் அதிகம், அதனால் ஒன்றுக்கு 40 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 180 முறை, 7,200 நொடி. நாளுக்கு முழுதாக 2 மணி நேரம் குழுவின் கையிலிருந்து போகிறது. அதே வேலை 10 நொடியில் முடிந்தால் அரை மணி. சந்தாவில் ஆளுக்குக் கொஞ்சம் மிச்சம் பிடிக்க மெதுவான செயலியை வாங்குபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இல்லை.

கட்டாயக் கட்டங்கள் விஷயத்தில் மேனேஜர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. முன்னுரிமை, வகை, துறை, மதிப்பிட்ட நேரம், ஆன நேரம், வாடிக்கையாளர் குறியீடு என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். ஒவ்வொன்றும் ஏதோ ஓர் அறிக்கைக்கு என்றைக்காவது உதவும். நிரப்புபவர் என்ன செய்வார்? முன்னுரிமையில் எப்போதும் ‘நடுத்தரம்’, நேரத்தில் எப்போதும் ‘2’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அப்புறம் அந்த ‘2’களைக் கூட்டி ஓர் அழகான வரைபடம் வரும், அதை வைத்து ஆள் எடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள். தொடங்கும்போது தலைப்பு, பொறுப்பாளர், தேதி, நிலை ஆகிய நான்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஐந்தாவது கட்டம் வேண்டும் என்பவர், அதைப் பார்த்துத் தான் எடுக்கப்போகும் முடிவு என்ன என்று சொன்ன பிறகு சேர்க்கலாம்.

‘எத்தனை சதவீதம் முடிந்தது’ என்ற கட்டத்தை மட்டும் எந்த நிலையிலும் சேர்க்க வேண்டாம் என்பேன். எந்த வேலையும் மிக வேகமாக 90ஐத் தொட்டுவிடும், அப்புறம் வாரக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருக்கும். முடிந்ததா, முடியவில்லையா என்ற இரண்டே பதில் போதும். இடைநிலை தெரிய வேண்டுமென்றால் வேலையை இரண்டாக உடைத்து இரண்டு கார்டு போடலாம்.

இன்னொரு ஆபத்து, இரட்டைப் பதிவு. செயலி வந்த பிறகும் வாட்ஸ்அப் குழு ஓடிக்கொண்டிருக்கும், உண்மையான முடிவுகள் அங்கேதான் நடக்கும். கார்டில் பழைய தேதி, குழுவில் புதிய தேதி. செயலியில் பதியும் பழக்கத்தை உடைப்பவர் அநேகமாகக் கீழே இருப்பவர் அல்ல. ‘அந்த வேலை என்ன ஆச்சு?’ என்று போன் போட்டுக் கேட்கும் மேலாளர்தான். பதில் போனிலேயே கிடைத்துவிடுகிறது, கார்டைப் புதுப்பிக்கக் காரணம் இல்லாமல் போகிறது. வாரக் கூட்டத்தில் செயலியையே திரையில் திறந்து வைத்துக்கொண்டு, அதில் இருப்பதைப் பற்றி மட்டும் பேசும் மேலாளர் இருந்தால் சுமாரான செயலியும் ஓடும். அவர் அதற்குத் தயாரில்லை என்றால் எதையும் வாங்காமல் இருப்பதே மேல்.

காசு

பெரும்பாலான செயலிகளில் கட்டணம் ஆள் கணக்கில். இதில் கவனிக்க வேண்டியது ஆளை எப்படி எண்ணுகிறார்கள் என்பது. மண்டே செயலியில் குறைந்தது 3 இருக்கை (ஒரு இருக்கை என்றால் ஓர் ஆளுக்கான இடம்), அப்புறம் 5, 10, 15 என்று படிப்படியாகத்தான் வாங்க முடியும். பதினோராவது ஆள் சேர்ந்த அன்று பதினைந்து பேருக்குக் கட்ட வேண்டிவரும். சில செயலிகளில் வெளியிலிருந்து வரும் வாடிக்கையாளர் இலவசம், சிலவற்றில் அவரும் ஒரு இருக்கை. வாடிக்கையாளர்கள் நிறையப் பேர் எட்டிப்பார்க்கும் தொழில் என்றால், மொத்தச் செலவில் பெரிய வித்தியாசம் இங்கேதான் வரும்.

இலவசத் திட்டத்தை நம்பி ஒட்டுமொத்த அலுவலகத்தையும் ஏற்றுவதில் உள்ள அபாயத்துக்கு ட்ரெல்லோ உதாரணம். 2017ல் அதை அட்லாசியன் 42.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2024ல் இலவசப் பணிவெளி (ஒர்க்ஸ்பேஸ்) ஒன்றில் 10 பேருக்கு மேல் இருக்க முடியாது என்று வரம்பு வந்தது. அவர்கள் செய்தது தப்பு என்று சொல்ல வரவில்லை. இலவசம் என்பது அவர்கள் நினைத்தபோது மாற்றக்கூடிய ஒன்று, அவ்வளவுதான்.

நிறுவன லாகினோடு இணைப்பது, யார் எதைப் பார்த்தார் என்ற தணிக்கைப் பதிவு, நுணுக்கமான அனுமதிகள் போன்றவை பல செயலிகளில் மேல்தட்டுத் திட்டத்தில் மட்டும் கிடைக்கும். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை ஒரே இடத்தில் மூட முடிவது பாதுகாப்புக்கு அடிப்படை. அது எந்தத் திட்டத்தில் இருக்கிறதோ அந்தத் திட்டத்தின் விலையைத்தான் உண்மையான விலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். சிறிய குழு என்றால் இரண்டடுக்கு உறுதிப்படுத்தலை (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்பதை) கட்டாயமாக்க முடிகிறதா என்பதையாவது பார்த்துவிடுங்கள்.

ரெட்மைன், ஓப்பன்ப்ராஜெக்ட் போன்ற திறமூல மென்பொருள்களைச் சொந்த சர்வரில் போட்டுக்கொள்ளலாம், லைசென்ஸ் கட்டணம் கிடையாது. பதிலுக்கு பேக்கப், புதுப்பித்தல், இரவில் சர்வர் படுத்துவிட்டால் எழுந்து பார்ப்பது எல்லாம் யாரோ ஒருவர் தலையில் விழும். அந்த ஒருவர் யார் என்று பெயரோடு சொல்ல முடிகிற நிறுவனத்துக்கு இது நல்ல வழி. தரவு தன் இடத்தைவிட்டு வெளியே போகவே கூடாது என்று ஒப்பந்தம் இருப்பவர்களுக்கு வேறு வழியும் அதிகம் இல்லை: காசு கொடுத்து ஜிராவின் சர்வர் பதிப்பை வாங்கித் தன் கணினியில் ஓட்டியவர்களுக்கு 2024 பிப்ரவரியோடு ஆதரவு நின்றுபோனது. மேகத்துக்கு (அவர்களுடைய சர்வரில் இணையம் வழியே ஓடும் பதிப்புக்கு) மாறு, அல்லது பெரிய நிறுவனங்களுக்கான டேட்டா சென்டர் பதிப்புக்கு மாறு என்றார்கள்.

வெளியே வரும் வழி

உள்ளே போகும்போதே வெளியே வரும் வழியைப் பார்த்துவைப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு மூன்று சம்பவங்கள். 2015ல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய உண்டர்லிஸ்ட் என்ற வேலைப்பட்டியல் செயலி 2020 மே மாதம் மூடப்பட்டது. பல மென்பொருள் குழுக்கள் ஆண்டுக்கணக்கில் நம்பியிருந்த பிவோட்டல் ட்ராக்கர் 2025 ஏப்ரல் 30ஆம் தேதியோடு நின்றது. அறிவிப்புக்கும் மூடலுக்கும் இடையே ஓர் ஆண்டு கூட இல்லை.

மூன்றாவது இன்னும் யோசிக்க வைப்பது. 2022 ஏப்ரல் 5ஆம் தேதி அட்லாசியன் ஒரு பழைய துணைச்செயலியை வாடிக்கையாளர் தளங்களிலிருந்து நீக்க ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட்டியது. கொடுக்க வேண்டியது அந்தத் துணைச்செயலியின் அடையாள எண்கள். ஒரு குழு இன்னொரு குழுவுக்குக் கொடுத்ததோ முழுத் தளங்களின் எண்கள். ஸ்கிரிப்ட் கேள்வி கேட்காமல் அவற்றை அழித்தது. 775 வாடிக்கையாளர்களின் தளங்கள் போயின. சிலருக்கு இரண்டு வாரம் வரை திரும்பவில்லை. பேக்கப் இருந்தது. ஆனால் எல்லாரையும் ஒட்டுமொத்தமாக மீட்கத்தான் வழி வைத்திருந்தார்கள். மற்றவர்களைத் தொடாமல் சில நூறு பேரை மட்டும் மீட்பதற்குத் தயார் ஏற்பாடு இல்லை. தளம் அழிந்தவர்கள் வழக்கமான வழியில் புகார் டிக்கெட் கூடப் பதிய முடியவில்லை, ஏனென்றால் புகார் படிவம் கேட்கும் தள முகவரியே இல்லாமல் போயிருந்தது.

நிறுவனம் பெரியது என்பதால் கவலையில்லை என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அவர்களுடைய பேக்கப் அவர்கள் எழுந்து நிற்பதற்காக வைத்திருப்பது. உங்கள் பிரதி உங்களிடம் இருக்க வேண்டும்.

அதனால் இலவச சோதனைக் காலத்தின் முதல் வாரத்திலேயே ஏற்றுமதி பொத்தானை அழுத்திப் பாருங்கள். பல செயலிகள் சிஎஸ்வி கோப்பாக (எக்செல்லில் திறக்கும் எளிய அட்டவணையாக) தரும். அதில் தலைப்பும் தேதியும் பெயரும் வரும். கருத்துகள், இணைப்புக் கோப்புகள், எது எதற்கு முன் என்ற சார்புகள் பெரும்பாலும் வராது. ட்ரெல்லோவில் ஜேசன் வடிவம் (மென்பொருள்கள் படிப்பதற்கான தரவுக் கோப்பு) எல்லாருக்கும் கிடைக்கும், சிஎஸ்வி பிரீமியம் திட்டக்காரர்களுக்கு மட்டும். வந்த கோப்பை ஒருவர் திறந்து, ‘போன மாதம் வாடிக்கையாளர் எந்த வடிவத்தை ஒப்புக்கொண்டார்?’ என்ற கேள்விக்கு விடை காண முயலட்டும். கிடைக்கவில்லை என்றால், முக்கியமான ஒப்புதல்களைக் கருத்துப் பகுதியில் புதைக்காமல் தனிக் கோப்பாக வைக்கும் வழக்கத்தை அப்போதே தொடங்கிவிடலாம்.

சோதனை

ஐந்து செயலிகளை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட இரண்டை ஒழுங்காகப் பார்ப்பது மேல். மாதிரித் தரவை வைத்துப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை. மாதிரித் தரவில் யாருக்கும் காய்ச்சல் வருவதில்லை, எந்த வாடிக்கையாளரும் மனதை மாற்றுவதில்லை. உண்மையில் ஓடிக்கொண்டிருக்கும், நடுத்தர அளவுள்ள ஒரு ப்ராஜெக்டை மூன்று நான்கு வாரம் அதில் ஓட்ட வேண்டும். குழுவில் புதியதை விரும்பும் ஆர்வக்காரரோடு, ‘இதெல்லாம் எதற்கு?’ என்று முனகுபவரும் கட்டாயம் இருக்க வேண்டும். அலுவலகத்துக்கு வெளியே வேலை பார்ப்பவர்கள் இருந்தால், நெட் சரியாகக் கிடைக்காத இடத்தில் போனில் ஒரு கார்டை மாற்றச் சொல்லிப் பாருங்கள். உங்கள் குழு எந்த மொழியில் குறிப்பு எழுதுகிறதோ அந்த மொழியில் தேடினால் விடை வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தேடல் சரியாக வேலை செய்யாத செயலியில் ஆறு மாதக் குறிப்புகள் இருந்தும் இல்லாதது போல்தான்.

விற்பனையாளர் டெமோ காட்ட வந்தால், அவருடைய வரிசையில் போக விடாமல் சில காரியங்களைச் செய்துகாட்டச் சொல்லலாம். ஒருவர் பத்து நாள் விடுப்பில் போகிறார், அவர் பெயரில் இருக்கும் எல்லா வேலைகளையும் இருவருக்குப் பிரித்துக் கொடுங்கள். தொடக்கத் தேதி எட்டு நாள் தள்ளிப்போகிறது, பின்னால் வருபவை எல்லாம் சேர்ந்து நகரட்டும். இந்தத் தேதியை மாற்றியது யார் என்று காட்டுங்கள். மூன்றும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தால் நல்லது. ‘அதற்கு எங்கள் ஆட்கள் தனியாக அமைத்துத் தருவார்கள்’ என்று வந்தால் அதற்கான செலவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது பல செயலிகள் செயற்கை நுண்ணறிவைக் காட்டி, ப்ராஜெக்டின் நிலையைச் சுருக்கிச் சொல்வோம் என்கின்றன. கார்டுகள் புதுப்பிக்கப்பட்டிருந்தால் பயனுள்ளதுதான். இரண்டு வாரமாக யாரும் தொடாத கார்டுகளை அது சுருக்கினால் வருவது, நன்றாக எழுதப்பட்ட பழைய செய்தி.

மூன்றாவது வாரம் ஒரே ஓர் எண்ணைப் பாருங்கள்: யாரும் நினைவூட்டாமல், கடந்த இரண்டு நாளில் புதுப்பிக்கப்பட்ட கார்டுகள், திறந்திருப்பவற்றில் எத்தனை பங்கு? இரண்டு செயலிகளுக்கும் இந்த எண்ணை ஒப்பிட்டால் முடிவெடுப்பது சுலபம். முனகியவரின் கார்டுகளைத் தனியாகப் பாருங்கள். அவர் மாற்றியிருந்தால் மற்றவர்களும் மாற்றுவார்கள்.

வாங்கிய பிறகு பழையதை எல்லாம் புதிய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஆசை வரும். வேண்டாம். திறந்திருக்கும் வேலைகளை மட்டும், அதுவும் கையால் மாற்றுங்கள். மாற்றும்போதே கால்வாசி செத்துப்போன வேலைகள் என்பது தெரிந்து கழிந்துவிடும். முடிந்தவை பழைய ஷீட்டிலேயே இருக்கட்டும். ஒரு தேதியைக் குறித்து, அன்று முதல் அந்த ஷீட்டை யாரும் திருத்த முடியாதபடி பூட்டி, முதல் வரிசையில் புதிய போர்டின் இணைப்பைப் போட்டுவிட்டால், பழக்கத்தில் ஷீட்டைத் திறப்பவர்களும் அங்கே போய்ச் சேருவார்கள்.